மல்லாட்டைத் தண்டை அறுத்துப் பாருங்கள்: செடியின் பலத்தை வீட்டிலேயே சோதிப்பது எப்படி

எங்கள் நிலம் குடியாத்தத்துக்கும் பலமநேருக்கும் நடுவில், மலையடியில் இருக்கிறது. வீட்டில் மல்லாட்டை என்போம், வியாபாரியிடம் தெலுங்கில் செனக்காய என்போம், அரசாங்கக் காகிதத்தில் நிலக்கடலை என்று எழுதுவோம். செம்மண், ஆடிப்பட்டம், பெரும்பாலும் வானம் பார்த்த வெள்ளாமை.

சில வருடம் முன்னால் ஒரு பட்டத்தில் 25 நாள் பயிர் கொஞ்சம் வெளிறி நின்றது. உரக்கடையில் கேட்டேன், யூரியா போடு என்றார், கைநிறையப் போட்டேன், கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. பத்தே நாளில் செடி கருகருவென்று எழும்பி வர, நான் வரப்பில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நிலத்துப் பெரியம்மா அந்த வழியாக ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர், "இன்னா நைனா, மல்லாட்ட போட்டியா, கீரை போட்டியா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டார். அப்போது கோபம் வந்தது. அறுபதாவது நாள் வாக்கில் ஒரு ராத்திரிக் காற்றுமழையில் பாதி நிலம் படுத்துவிட்டது, அறுவடையில் செடியைப் பிடித்து இழுத்தால் கழுத்தோடு படக்கென்று அறுந்து கையில் தழை மட்டும் வந்தது, காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. களைக்கொத்தால் கிளறி எடுத்த கூலிக்கும் காய்க்கும் சரியாகப் போனது.

அந்தக் காற்றுமழைக்கு அப்புறம்தான் தண்டை அறுத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. பிளேடு, பூதக்கண்ணாடி, கேசரிப் பவுடர், ஒரு வாளி, பழைய பேப்பர்காரரின் ஸ்பிரிங் தராசு, இவ்வளவு போதும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மல்லாட்டைச் செடி நெல் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டிய பயிர் இல்லை, காய் மண்ணுக்குள் இருக்கிறது. மேல் தண்டு வளைந்து கொடுத்தால் எனக்குக் கவலையே கிடையாது. பலமாக இருக்க வேண்டியவை வேருக்கு மேலே இருக்கும் கழுத்து, அதிலிருந்து புறப்படும் அடிக்கிளை, காயைச் சுமந்து மண்ணுக்குள் இறங்கும் விழுது, இந்த மூன்றும்தான். செடி வாட்டசாட்டமாக இருக்கிறது என்று நாம் வரப்பிலிருந்து பார்த்து மகிழ்வது இந்த மூன்றையும் அல்ல.

எந்தச் செடியைப் பிடுங்குவது

ஒரு ஏக்கரில் பத்துச் செடி போதும். வரப்பு ஓரத்தை விட்டுவிடுங்கள், அங்கே வெளிச்சமும் அதிகம், காற்றும் அதிகம், செடி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். குறுக்கும் நெடுக்குமாக நடந்து கால் நின்ற இடத்தில் ஒன்று என்று எடுங்கள். 25ஆம் நாள் ஒரு முறை, 45ஆம் நாள் ஒரு முறை, 70க்கு மேல் ஒரு முறை, அறுவடைக்கு நாலு நாள் முன்பு ஒரு முறை. எப்போதும் ஒரே நேரத்தில் எடுப்பது முக்கியம், ஏன் என்று கீழே வருகிறது. இழுக்காமல் சுற்றிலும் மண்ணைக் குத்தி எடுத்து வேரோடு தண்ணீரில் அலசுங்கள்.

கழுத்து

அலசிய செடியைக் கிடத்தி வைத்து கீழிருந்து மேலே பாருங்கள். வேரின் பக்கக்கிளைகள் புறப்படும் மூலையில் கடுகு மாதிரி வேர்முடிச்சுகள் தெரியும். மல்லாட்டை வேரில் மற்றப் பயிருக்கு இருப்பது போன்ற வேர்த்தூவிகள் கிடையாது என்பதால் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா பக்கவேர் வெடித்து வெளியே வரும் அந்த விரிசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. ஒரு முடிச்சைப் பிளந்து பாருங்கள், உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. 25ஆம் நாள் நான் செய்திருக்க வேண்டியது இதைத்தான். செடி வெளிறியதற்கு முடிச்சு அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தது காரணம், இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் தானாகவே பச்சை கட்டியிருக்கும்.

வேருக்கு மேலே, விதையிலை இருந்த இடம் வரைக்குமான வெள்ளைத் துண்டுதான் கழுத்து. முளைக்கும்போது இது நீண்டுகொண்டே வந்து விதையிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் நின்றுவிடும். அதனால் கழுத்தின் நீளத்தைப் பார்த்தாலே எவ்வளவு ஆழத்தில் விதைத்தீர்கள் என்று தெரிந்துவிடும். 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஆழம் போதும். ஏர் பின்னால் போடுகிறவர் கொஞ்சம் அசந்தால் விதை இன்னும் ஆழமாகப் போய்விடும், அப்போது கழுத்து சோளத்தட்டை நுனி மாதிரி நீண்டு மெலிந்துவிடும். விதைக்குள் இருந்த சேமிப்பு ஒரே அளவுதான், அதை நீளத்துக்குச் செலவழித்துவிட்டால் பருமனுக்கு மிச்சம் இல்லை. இந்த நீண்ட கழுத்தில்தான் கழுத்தழுகல் முதலில் பிடிக்கும்.

கழுத்தின் மேல்முனையில், விதையிலையின் கக்கத்திலிருந்து எதிரெதிராக இரண்டு கிளை புறப்பட்டிருக்கும், அதுதான் நான் அடிக்கிளை என்று சொல்வது. நடுத்தண்டைவிட இவை நீளமாகக்கூட வளரும். காயில் பெரும்பங்கு இந்த இரண்டு கிளையும் அவற்றின் கிளைகளும் தாங்குவதுதான். மண்ணை ஒட்டி இருப்பதால் விழுது இறங்க தூரம் குறைவு. இந்த இரண்டும் சமமாக, பென்சிலின் ஈயக்குச்சி மாதிரி இல்லாமல் பென்சில் மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கக் கிளை மண்ணுக்குள் புதைந்து கிடந்தாலோ ஒடிந்திருந்தாலோ அந்தச் செடியின் பாதி வருமானம் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேடு வேலை

புது ஷேவிங் பிளேடை உறையோடு பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள், விரல் பத்திரம். அடிக்கிளையில் முதல் இரண்டு கணுவுக்கு இடைப்பட்ட பகுதியைக் குறுக்கே வில்லை வில்லையாகச் சீவி வெள்ளைச் சாசரில் தண்ணீர் விட்டு மிதக்கவிடுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைபேசி கேமராவில் பெரிதாக்கினாலும் பாதி தெரியும்.

வெறும் வில்லையில் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிகிறது என்று என் மகள் சொன்னாள், அவள் பதினொன்றாம் வகுப்பில் இதையெல்லாம் படம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். ஒரு கிளையைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி, கேசரிப் பவுடரை அடர்த்தியாகக் கரைத்த டம்ளரில் நிறுத்தி, வெயில்படும் ஜன்னலில் இரண்டு மணிநேரம் விட்டுவிட வேண்டும். குங்குமம் வேண்டாம், அது கரையாது, அடியில் தங்கிவிடும். இலை நரம்பில் நிறம் தெரிய ஆரம்பித்ததும் எடுத்துச் சீவினால் வில்லையின் நடுவில் புள்ளிப் புள்ளியாக ஒரு வளையம் நிறமேறி நிற்கும். அதுதான் சைலம், தண்ணீர் ஏறும் குழாய்.

இப்போது வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். மேலே ரோமம் முளைத்த மெல்லிய தோல். அதற்குள், குறிப்பாகத் தண்டின் விளிம்புகளில், கோலங்கைமா என்கிற செல்கள். மூலை மட்டும் தடித்தவை, வளரும் தண்டோடு சேர்ந்து நீளவும் தெரிந்தவை. இளம் தண்டுக்கு முதல் முட்டு இதுதான். அடுத்து சதைப்பகுதி. அதற்குள், நிறமேறிய ஒவ்வொரு புள்ளிக்கும் வெளியே தொப்பி வைத்தது மாதிரி நார்க்கட்டு. இந்த நாரிலும் சைலத்திலும் லிக்னின் படிந்துதான் தண்டு மரத்தன்மை அடைகிறது. சைலத்துக்கும், இலை தயாரித்த உணவு இறங்கும் குழாயான ஃபுளோயத்துக்கும் நடுவில் கேம்பியம் என்கிற மெல்லிய அடுக்கு, தண்டு பருப்பது இதனால்தான். நட்டநடுவில் வெளுத்த பஞ்சு மாதிரி பித்.

25ஆம் நாள் வில்லையில் புள்ளிகள் தனித்தனியாக நிற்கும். 45ஆம் நாள் அவை பக்கவாட்டில் கைகோக்க ஆரம்பித்திருக்க வேண்டும். 70க்கு மேல் முழு வளையம், சுண்டினால் நகத்துக்குக் கெட்டியாக இருக்கும். என் யூரியா நிலத்துச் செடி எழுபதாவது நாளிலும் புள்ளி புள்ளியாக, சதை மட்டும் தடித்துக் கிடந்தது. வெளியே பார்க்கப் பருத்த தண்டு, உள்ளே வாழைத்தண்டு.

முதிர்ந்த தண்டில் நடுப்பகுதி ஓட்டையாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பித் காலியாவது இந்தப் பயிரின் இயல்பு, பலத்துக்கும் பெரிய நட்டம் இல்லை. ஒரு உருளையின் உள்பக்கம் பாதி விட்டம் அளவுக்குக் காலியானாலும் விறைப்பில் 16ல் ஒரு பங்குதான் குறையும், சைக்கிள் கம்பி குழாயாக இருப்பதும் மூங்கில் நிற்பதும் இந்தக் கணக்கில்தான். வெளி வளையம் கெட்டியாக இருந்தால் சரி. ஓட்டைக்குள் பழுப்பாக, ஈரமாக, அல்லது மரத்தூள் மாதிரி எச்சம் அடைத்திருந்தால் மட்டும் அது வேறு சமாசாரம். தலை தட்டையான வெள்ளைப் புழு ஒன்று வேரிலிருந்து தண்டுக்குள் குடைந்து ஏறும், தண்டு துளைப்பான் அது. செடி காரணமே இல்லாமல் வாடினால் வேரை நீளவாட்டில் பிளந்து பாருங்கள், ஆசாமி உள்ளேயே இருப்பார்.

வாளி சோதனை

இரண்டு செங்கல்லை ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். அடிக்கிளையின் அடிப்பகுதியை ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெட்டி இலையைக் கழித்துவிட்டு செங்கல் மேல் பாலம் மாதிரி போடுங்கள். நடுவில் துணிநாடாவில் சின்ன வாளியைத் தொங்கவிட்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி எண்ணிக்கொண்டே போங்கள். கம்பியில் தொங்கவிட்டால் அது தண்டை வெட்டிவிடும், துணிதான் சரி.

எத்தனை டம்ளர் என்பது என் எண் உங்களுக்கு உதவாது, உங்கள் நிலத்துக்குள்ளேயே மேட்டுப்பகுதியையும் பள்ளத்தையும் ஒப்பிடத்தான் இது. ஒடியும் விதத்தையும் பாருங்கள். கேரட் மாதிரி படக்கென்று இரண்டாக விழுந்தால் அந்தத் தண்டை நிறுத்தியது தண்ணீர் மட்டும்தான், நார் இல்லை. ஒரு பக்கம் பிளந்து நார் நாராகத் தொங்கினால் நார் வந்திருக்கிறது.

ஒரே நேரத்தில் செடி எடுங்கள் என்றேன் அல்லவா, அது இதற்காகத்தான். விடியற்காலையில் செல்கள் எல்லாம் தண்ணீர் நிரம்பி விறைத்து நிற்கும், தண்டு மொடமொடவென்று ஒடியும். மத்தியானம் வெயிலில் துவண்டு வளையும். காலையில் ஒரு நிலத்துச் செடியையும் சாயங்காலம் இன்னொரு நிலத்துச் செடியையும் சோதித்துவிட்டு இந்த ரகம் பலம், அந்த ரகம் சொத்தை என்று முடிவு கட்டினால் உங்களுக்குக் கிடைத்தது கடிகாரத்தின் வித்தியாசம்.

தண்டின் பருமனை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், விட்டம் இரண்டு மடங்கானால் ஒடியாமல் தாங்கும் பாரம் 8 மடங்காகும், வளையாமல் நிற்கும் விறைப்பு 16 மடங்காகும். அதனால் நெருக்கி விதைத்து நாலு மெல்லிய செடி வைத்திருப்பதைவிட இடம் விட்டு இரண்டு பருத்த செடி வைத்திருப்பது தண்டுக் கணக்கில் எங்கேயோ போய்விடும். படராமல் நிமிர்ந்து வளரும் கொத்து ரகத்துக்கு வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10, அதாவது சதுர மீட்டருக்கு 33 செடி. முளைப்பு எப்படியோ, பூச்சி தின்னுமோ என்று பயந்து இரண்டு இரண்டு விதையாக விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம், நானும் செய்தவன்தான். நெருக்கத்தில் செடி பக்கத்துச் செடியின் இலையில் பட்டு வரும் வெளிச்சத்தை உணர்ந்துகொண்டு, போட்டி வந்துவிட்டது என்று கணுவை இழுத்து இழுத்து உயரமாகப் போகும். உயரம் போன கணுவில் பூத்து என்ன லாபம், விழுது தரைக்கு வந்து சேராது.

விழுது, இதுதான் நிஜமான தண்டு

மல்லாட்டைப் பூ காலையில் மலர்ந்து தானே கருவுற்று அன்றைக்கே வாடிவிடும். அப்புறம் கருப்பையின் அடியில் இருக்கும் பகுதி வளர்ந்து, கருவை நுனியில் சுமந்துகொண்டு நேராக மண்ணைப் பார்த்து இறங்கும். பார்க்க வேர் மாதிரி இருந்தாலும் உள்ளே அறுத்தால் தண்டின் அமைப்பு, அதே வளையம், அதே பித். கண்ணாடியில் பார்த்தால் நுனியில் சின்னத் தொப்பி தெரியும், மண்ணைக் குத்தும்போது உள்ளே இருக்கும் கருவுக்குக் கவசம். மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் போனதும் இருட்டில் நுனி திரும்பி, பருத்துக் காயாகும். ஒரு சாணுக்கு மேல் உயரத்தில் புறப்பட்ட விழுது பெரும்பாலும் பாதி வழியிலேயே காய்ந்து நின்றுவிடும். யூரியா நிலத்தில் நான் பார்த்த ஊசி ஊசியான காய்ந்த விழுதெல்லாம் இப்படி வந்தவைதான்.

சுண்ணாம்புச் சத்து இங்கேதான் வருகிறது. செடிக்குள் கால்சியம் தண்ணீரோடு சைலம் வழியே மேலே போகும், எந்த உறுப்பு அதிகம் ஆவியாக்குகிறதோ அங்கே சேரும், அதாவது இலைக்கு. இலையிலிருந்து ஃபுளோயம் வழியாகக் கீழே இறங்கி வராது. மண்ணுக்குள் இருக்கும் காய் ஆவியாக்குவதில்லை, அதனால் வேர் எடுத்த கால்சியம் காய்க்குக் கிடைப்பதில்லை. காயும் விழுதும் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். இது புரிந்துவிட்டால், இலையில் தெளிக்கிற கால்சியம் டானிக் காயை நிரப்பும் என்று யார் விற்றாலும் வாங்க மாட்டீர்கள். கால்சியம் உள்ள ஜிப்சத்தைக் காய் பிடிக்கும் மேல்மண்ணில் போடுவதுதான் வழி. ஏக்கருக்கு 160 கிலோ, பாசனப் பயிருக்கு 40 முதல் 45ஆம் நாளுக்குள், மானாவாரிக்கு அந்த நாள் தொடங்கி மண்ணில் ஈரம் பார்த்து. ஈரம் இல்லாமல் போட்டால் கரையாது, மாவு மாதிரி கிடக்கும். இரண்டு வரிசைக்கு நடுவில் வீசாமல் செடியின் அடியோரம், விழுது இறங்கும் இடத்தில் விழுகிற மாதிரி போடுங்கள்.

கூடவே மண் அணைப்பது. இதில்தான் நான் பல பேரோடு சண்டை போடுகிறேன். அணைக்கச் சொன்னால் செடியின் நெஞ்சு வரைக்கும் மண்ணை ஏற்றிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது விழுது இறங்கும் இடத்தில் பொலபொலவென்ற மண், அவ்வளவுதான். அடிக்கிளை புறப்படும் மூட்டின் மேல் மண் ஏறினால் அங்கே ஈரம் தங்கி, தண்டழுகல் பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. பக்கவாட்டில் இருந்து மண்ணைத் தள்ளுங்கள், மேலே கொட்டாதீர்கள். 45 நாளுக்கு மேல் களைக்கொத்தையே எடுக்காதீர்கள், இறங்கிய விழுது அசைந்தால் அது திரும்பப் பிடிக்காது.

காலி டிரம்மைப் பயிர் மேல் உருட்டி, கிளையைத் தரையோடு அமர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள், விழுது சீக்கிரம் மண்ணைத் தொடும் என்று. தத்துவம் சரிதான். செய்வதானால் சாயங்காலம் செடி துவண்டிருக்கும்போது செய்யுங்கள், காலையில் உருட்டினால் மொடமொடவென்று ஒடியும் என்று மேலேயே பார்த்தோம். தண்டழுகல் இருக்கிற நிலத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு கீறலும் ஒரு வாசல்.

கழுத்தில் கத்தி வைக்கிறவர்கள்

செடி வாடினால் முதலில் கழுத்தைப் பாருங்கள், இலையை அல்ல. முதல் ஒரு மாதத்துக்குள், வெயில் காய்ந்த மண்ணில், கழுத்தில் கரிப்பொடி அப்பின மாதிரி கருப்பாக இருந்தால் அது கழுத்தழுகல். நாள்பட்ட வெங்காயத்தின் மேல் வருகிற அதே கருப்புப் பூஞ்சைதான். விதையிலேயே வருவதால் விதை நேர்த்திதான் தடுப்பு. கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சை 4 கிராம்.

மழைக்காலத்தில், பயிர் மூடின பிறகு, மண் மட்டத்தில் வெள்ளை நூல் விசிறி மாதிரி படர்ந்து, அதில் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள் இருந்தால் தண்டழுகல். இந்தப் பூஞ்சையின் தந்திரம் எனக்கு ஒரு விதத்தில் வியப்பு. அது ஆக்சாலிக் அமிலத்தை முன்னால் கசியவிட்டு, செல்சுவரைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைப் பறித்துச் சுவரைத் தளர்த்திவிட்டு அப்புறம்தான் உள்ளே போகும். வீட்டுச் சுவரில் சுண்ணாம்பை உருவிவிட்டுச் செங்கல்லைத் தள்ளுகிற திருடன் மாதிரி. மக்காத தழையும் சருகும் மண் மேலே கிடந்தால் அதில் தின்று கொழுத்துத்தான் செடிக்கு வரும், ஆகவே கோடை உழவு ஆழமாகப் போட்டுச் சருகைப் புரட்டிவிடுங்கள். அடுத்த பட்டம் கேழ்வரகோ கம்போ போடுங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ தொழுவுரத்தில் கலந்து போடுவதும் உதவும். மல்லாட்டைக்குப் பின் மல்லாட்டை என்று நாலு வருடம் போட்டுவிட்டு மருந்தைத் தேடி ஓடினால் மருந்துக்கடைதான் விளையும்.

தண்டு நுனி கருகி, மொட்டு செத்து, விழுதும் கருத்துப் போனால் அது பூஞ்சை இல்லை, வைரஸ். 2000ஆம் ஆண்டு அனந்தபூர் மாவட்டத்தில் சுமார் 2.25 லட்சம் ஹெக்டேரில் மல்லாட்டையைச் சூறையாடியது இந்தத் தண்டு கருகல் நோய்தான், இழப்பு 300 கோடி ரூபாயைத் தாண்டியது. பார்த்தீனியம் என்கிற களைச்செடியின் மகரந்தத்தில் இந்த வைரஸ் இருக்கும், அதை இலைப்பேன் என்கிற சின்னப் பூச்சி சுமந்து வந்து மல்லாட்டை இலையில் சுரண்டும்போது ஏற்றிவிடும். தெலுங்கில் அந்தக் களைக்கு வய்யாரிபாமா என்று பெயர், ஒய்யாரி என்று அர்த்தம், பெயர் வைத்தவர் ரசனைக்காரர். பூப்பதற்கு முன் வரப்பிலும் பாதையோரத்திலும் அதைப் பிடுங்கிவிடுங்கள், நிலத்தைச் சுற்றிச் சோளமோ கம்போ சில வரிசை நெருக்கமாக விதைத்தால் காற்றில் வரும் இலைப்பேனுக்கு வேலி. கௌண்டின்யா காட்டிலிருந்து யானை வந்து மிதித்தால் மட்டும் இந்த வேலியும் நிற்காது, லிக்னினும் நிற்காது, அதற்கு என்னிடம் வழியில்லை.

தராசு

அறுவடைக்கு நாலு நாள் முன்பு பத்துச் செடியில் இதைச் செய்யுங்கள். கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டி, நேர் மேலே மெதுவாக இழுங்கள். செடி வெளியே வரும் நொடியில் முள் எங்கே நின்றது என்று ஒருவர் பார்க்க வேண்டும். அப்புறம் செடி இருந்த இடத்தில் ஒரு சதுர அடி மண்ணைக் கொத்திப் பார்த்து, உள்ளே தங்கின காயை எண்ணுங்கள். செடியில் வந்தது எத்தனை, மண்ணில் தங்கியது எத்தனை, இந்த இரண்டு எண்தான் மகசூல், முள் காட்டியது துணைக்கு.

கழுத்து அறுந்து செடி வந்தால் கழுத்து பலவீனம், அறுந்த இடத்தைப் பிளந்து நோயா என்று பாருங்கள். செடி முழுசாக வந்தும் காய் மட்டும் தங்கினால் விழுது பலவீனம். அதற்கு மூன்று காரணம் உண்டு. மண் காய்ந்து இறுகியிருக்கலாம், அப்படியானால் ஒரு தண்ணீர் விட்டோ மழைக்குக் காத்திருந்தோ ஈரத்தில் பிடுங்குங்கள். டிக்கா என்கிற இலைப்புள்ளி நோய் வந்து இலை உதிர்ந்திருக்கலாம், இலை போன செடியின் விழுது சீக்கிரம் நைந்துவிடும், அந்த நிலத்தை முதலில் பிடுங்க வேண்டும். இல்லையென்றால் பருவம் தாண்டியிருக்கலாம். பத்துக் காயை உடைத்து ஓட்டின் உள்பக்கம் பாருங்கள், ஏழெட்டில் கரும்பழுப்பு ஏறியிருந்தால் இனி ஒவ்வொரு நாளும் காய் மண்ணுக்குத்தான். கொத்து ரகத்துக்கு விதையுறக்கமும் கிடையாது, அந்த நேரத்தில் மழை பெய்தால் செடியிலிருக்கும்போதே முளை விட்டுவிடும். நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், ஒரே நாளில் விதைத்த மேட்டு நிலமும் பள்ளமும் ஒரே நாளில் முற்றுவதில்லை.

தண்டு பலம் பலம் என்று இவ்வளவு சொன்னாலும் ஒரு எல்லை உண்டு. எங்கள் பக்கம் மல்லாட்டைக் கொடி பாதி மாட்டுக்குத்தான், பால் ஊற்றுகிற வீடுகளுக்குக் காயைவிடக் கொடி பெரிசு. லிக்னின் ஏற ஏற மாட்டுக்குச் செரிப்பது குறையும். நான் ஒரு வருடம் பிடுங்காமல் ரொம்ப முற்றவிட்டேன், தண்டு வாளி சோதனையில் அருமையாக நின்றது, மாடு இலையை உதிர்த்துத் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டுவிட்டது. இப்போதெல்லாம் அறுவடைக்கு முந்தைய வில்லையைப் பிளேடால் சீவும்போதே மாட்டின் முகமும் நினைவுக்கு வரும்.

தராசை பேப்பர்காரரிடம் திருப்பிக் கொடுக்கும்போது கொக்கியிலும் ஸ்பிரிங்கிலும் புகுந்த செம்மண்ணைத் துடைத்துக் கொடுங்கள். நான் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் என் வீட்டுப் பழைய பேப்பரையே அதில் எடை போட்டார், முள் பாதியில் மாட்டிக்கொண்டது, கேட்டதற்கு "உங்க மண்ணுதான் சார்" என்றார்.